இரும்பு டானிக்கை மாத்தினது போதும், குடலைப் பாருங்க

ஹீமோகுளோபின் 7.2. இரும்பு மாத்திரை எழுதியாச்சு. மூணு மாசம் கழிச்சு 7.5. மாத்திரை ஒத்துக்கலைன்னு வேற கம்பெனி டானிக். அடுத்த தடவை 7.1. "பீட்ரூட், பேரீச்சை, முருங்கைக்கீரை நிறைய சாப்பிடும்மா." அப்புறம் ரத்தக்குழாயில் இரும்பு ஊசி. ஊசி போட்டதும் 10. எல்லாருக்கும் சந்தோஷம். எட்டு மாசத்தில் திரும்ப 7. மறுபடி ஊசி.

இந்தச் சுத்து நம்ம ஊரில் வருஷக்கணக்கா ஓடும். வாய் வழியா போற இரும்பு எங்கதான் போகுதுன்னு ஒருத்தரும் நிறுத்திக் கேட்க மாட்டாங்க.

இன்னைக்கு இழை சீலியாக் நோய் பத்தி. நீளம் ஜாஸ்தி. திட்டும் கொஞ்சம் இருக்கு, பாதி என் சக டாக்டர்களுக்கு, பாதி "குளூட்டன் விஷம்"னு ரீல்ஸ் போடுறவங்களுக்கு. ரெண்டு கூட்டமும் எதிரெதிர் திசையில் நின்னு ஒரே நோயாளியைத்தான் கெடுக்குது.

முதல்ல நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்திலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைப் பார்த்ததும், சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிக்குது. இது அலர்ஜி இல்லை. அஜீரணமும் இல்லை. ஆட்டோஇம்யூன் நோய், தைராய்டு மாதிரி, முதல் வகை சர்க்கரை மாதிரி. அந்த ரெண்டும் இருக்கிறவங்களுக்கு இதுவும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம்.

சிறுகுடலோட உள்பக்கம் வழவழப்பா இருக்காது. பூந்துவாலை மாதிரி லட்சக்கணக்கான குட்டிக் குட்டி உறிஞ்சிகள் நீட்டிக்கிட்டு இருக்கும். சாப்பாட்டில் உள்ள சத்து அது வழியாத்தான் ரத்தத்துக்குப் போகணும். சீலியாக்கில் அந்தப் பூந்துவாலை தேய்ஞ்சு மொட்டையாயிடும். அதிலும் முதல்லயும் அதிகமாவும் அடி வாங்குறது சிறுகுடலின் ஆரம்பப் பகுதி, டியோடினம்.

இரும்பு உறிஞ்சப்படுறது அங்கதான். கால்சியமும் முக்கியமா அங்கதான். ஃபோலிக் ஆசிட் அங்கயும் அதை ஒட்டின பகுதியிலும். இப்போ புரியுதா, ஏன் இந்த நோயாளிகள்ல பல பேருக்கு வயித்துப்போக்கே இருக்காது, ரத்தசோகை மட்டும் இருக்கும்னு? பாடப்புத்தகத்தில் படிச்ச ஒல்லிக் குழந்தை, ஊதின வயிறு, எண்ணெய் மிதக்கும் மலம், அது ஒரு முகம்தான். இன்னொரு முகம் 35 வயசுல, கொஞ்சம் குண்டாவே, "எப்பப் பார்த்தாலும் டயர்டா இருக்கு டாக்டர்"னு உட்கார்ந்திருக்கும்.

ஊசியில் ஏறுது, மாத்திரையில் ஏறலை. இது தலையெழுத்து இல்லைங்க, ஒரு டெஸ்ட் ரிசல்ட்! எலும்பு மஜ்ஜை நல்லா வேலை செய்யுது, கச்சாப் பொருள் கொடுத்தா ரத்தம் செய்யுது. வழியில் இருக்கிற குடல்தான் வாங்கலைன்னு நோயாளியின் உடம்பே சொல்லுது. அதைக் கண்ணால பார்த்துட்டு அடுத்த ஊசிக்குத் தேதி குறிக்கிறோம்.

உடனே ஒரு குரல் வரும்: "சார், அது வடநாட்டு வியாதி."

இந்த வாக்கியத்தை நான் மருத்துவ மாணவனா இருந்த காலத்திலிருந்து கேட்கிறேன். இதில் பாதி உண்மை இருக்கு, அதான் ஆபத்து. 2016ல் வெளியான ஒரு இந்திய ஆய்வு, 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதிச்சது. சீலியாக் ஆன்டிபாடி இருந்தவங்க வடக்கில் 100க்கு 1.23 பேர். வடகிழக்கில் 0.87. தெற்கில் 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருத்தர். சரி, நமக்குக் குறைவுதான். ஒத்துக்கிறேன்.

ஆனா அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கு, அதை யாரும் மேற்கோள் காட்ட மாட்டாங்க. இந்த நோய் வர ஒரு மரபணு அமைப்பு வேணும், டிகியூ2 அல்லது டிகியூ8. அது வடக்கில் 38 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கில்? 36 சதவீதம். ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் தட்டில்: வடக்கில் ஒரு நாளைக்குச் சராசரியா சுமார் 455 கிராம் கோதுமை, தெற்கில் சுமார் 25 கிராம்.

நம்ம மரபணு நம்மைக் காப்பாத்தலை, நம்ம அரிசிதான் காப்பாத்திட்டு இருந்துச்சுன்னு நான் இதைப் படிக்கிறேன். அந்த அரிசியைத்தான் இப்போ ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து துரத்திட்டு இருக்கோம். சர்க்கரைன்னா சப்பாத்தி. எடை குறைக்கணும்னா சப்பாத்தி. காலையில் கோதுமை ரவை உப்புமா, சாயங்காலம் பிஸ்கட், ஞாயித்துக்கிழமை பரோட்டா. (சப்பாத்தி சாப்பிட்டா சர்க்கரை ஏறாதுங்கிறதும் ஒரு மூடநம்பிக்கை. அது வேற இழை.) இப்படியே போனா இன்னும் இருபது வருஷத்தில் அந்த 0.10 அப்படியேதான் இருக்கும்னு யார் உத்தரவாதம் தர்றது?

ஆயிரத்தில் ஒருத்தர்னாலும் கணக்கு போட்டுப் பாருங்க. தமிழ்நாட்டில் பெரியவங்க மட்டும் ஐந்து கோடிக்கு மேல. சும்மா மனக்கணக்கிலேயே ஆன்டிபாடி இருக்கிறவங்க ஐம்பதாயிரம் பேர். உங்க ஓபியில் எத்தனை பேரைக் கண்டுபிடிச்சீங்க? பூஜ்யம்னா, உங்க ஊரில் நோய் இல்லைன்னு அர்த்தமா, நீங்க தேடலைன்னு அர்த்தமா?

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1960கள்ல வேலூர் சுத்துவட்டாரக் கிராமங்கள்ல டிராபிகல் ஸ்ப்ரூ கொள்ளைநோய் மாதிரி பரவினதை சிஎம்சியைச் சேர்ந்த பேக்கர், மாத்தன் ஆகியோர் விரிவா ஆராய்ஞ்சாங்க. அதிலும் குடல் உறிஞ்சிகள் தேயும், சத்து ஏறாது. ஃபோலிக் ஆசிட், டெட்ராசைக்ளின் கொடுத்தா குணமாகும். அருமையான பணி, உலகமே மேற்கோள் காட்டுற பணி. ஆனா அதிலிருந்து நமக்கு ஒட்டிக்கிட்ட பழக்கம்: தெற்கத்தி ஆளுக்குக் குடல் தேய்ஞ்சிருந்தா ஸ்ப்ரூதான்னு முடிச்சிடுறது. ஆன்டிபயாடிக் முடிஞ்சும் சரியாகலைன்னா மறுபடி யோசிக்கிறதே இல்லை.

ஒரு நோயாளியைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.

முப்பதுகளில் இருக்கிற பெண். கையில் கட்டைப்பை நிறைய ரிப்போர்ட். ஆறு வருஷ ரத்தசோகை, ரெண்டு தடவை ரத்தம் ஏத்தியிருக்கு, ரெண்டு கருச்சிதைவு. வந்தது அதுக்கெல்லாம் இல்லை, இடுப்பு வலிக்கு. தரையில் உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியலை, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துத்தான் ஏறுறாங்க. நடை வாத்து மாதிரி ஆடுது. இதுக்கு முன்னாடி பார்த்த இடத்தில் "உடம்புல ஒண்ணுமில்லை, மனசுதான்"னு தூக்க மாத்திரை.

ரிப்போர்ட்டை வரிசையா மேஜையில் பரப்பினேன். நாலு வருஷத்தில் நாலு ரிப்போர்ட்டில் அல்கலைன் பாஸ்படேஸ் மேல மேல ஏறிட்டே இருக்கு. கால்சியம் தரைமட்டம். லேப்காரர் ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அடிச்சுக் கொடுத்திருக்கார். எலும்பு மெத்துன்னு ஆகிட்டிருக்கு, ஆஸ்டியோமலேசியா. இரும்பு இல்லை, ஃபோலேட் இல்லை, விட்டமின் டி இல்லை. சைவம்கூட இல்லை, வாரத்தில் ரெண்டு நாள் மீன் சாப்பிடுறவங்க. டிடிஜி ஆன்டிபாடி பார்த்தோம், அளவுகோலைத் தாண்டி நின்னது. பயாப்சியிலும் உறுதி.

அவங்க கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குழந்தைங்க ரெண்டும் இதனாலயா டாக்டர்?"

இதுக்கு நேர்மையான பதில், உறுதியாச் சொல்ல முடியாது. சிகிச்சை எடுக்காத சீலியாக்கில் கருச்சிதைவும் கருத்தரிக்கத் தாமதமும் அதிகம்னு தெரியும். ஒரு தனி மனுஷிக்கு நடந்ததுக்கு இதுதான் காரணம்னு யாராலும் கைகாட்ட முடியாது. ஆனா அந்தக் கேள்வியை ஆறு வருஷம் தள்ளி அவங்க கேட்க வேண்டி வந்ததுக்குக் காரணம் யாருன்னு நல்லாவே கைகாட்டலாம். இரும்பு எழுதினவர் ஒருத்தர், கால்சியம் எழுதினவர் இன்னொருத்தர், தூக்க மாத்திரை எழுதினவர் மூணாவது ஆள். ஆளுக்கு ஒரு துண்டு. கட்டைப்பையை யாரும் முழுசாக் கொட்டிப் பார்க்கலை.

இரும்புக்கு மேலயும் கதை நிறைய. இதைக் கவனமாப் படிங்க, ஏன்னா ஒவ்வொண்ணும் வேற வேற டாக்டர் அறைக்குப் போய்ச் சேரும்.

விட்டமின் டி, கால்சியம் ஏறலைன்னா எலும்பு ஆர்த்தோ டாக்டரிடம் போகும். அறுபதாயிரம் யூனிட் சாஷே வாராவாரம் ரெண்டு மாசம் சாப்பிட்டும் அளவு அசையலைன்னா, மூணாவது கோர்ஸ் எழுதுறதுக்கு முன்னாடி ஏன்னு கேளுங்க. கேட்காம ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுறவங்க இருக்காங்க, அது கால்சியத்தை ஏத்தி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கொழுப்போட சேர்ந்து உறிஞ்சப்படுற விட்டமின்கள் ஏ, டி, இ, கே. ஏ குறைஞ்சா மாலைக்கண், கண் டாக்டர். கே குறைஞ்சா ரத்தம் உறையாது. பல் துலக்கினா ரத்தம், தொட்டா கன்னிப்போறது, ஐஎன்ஆர் காரணமில்லாம ஏறியிருக்கும், கல்லீரல் கோளாறுன்னு கல்லீரலைத் தேடிட்டிருப்போம். இ குறைஞ்சா தள்ளாட்டம், நரம்பு டாக்டர்.

பி12 பத்தி ஒரு எச்சரிக்கை. அது உறிஞ்சப்படுறது சிறுகுடலின் கடைசியில், அதனால இந்த நோயில் இரும்பு அளவுக்கு அடி வாங்காது, ஆனாலும் கணிசமான பேருக்குக் குறையும். நம்ம ஊரில் பி12 குறைய ஆயிரம் காரணம்: சைவம், மெட்ஃபார்மின், வருஷக்கணக்கா காலையில் வெறும் வயித்தில் போடுற கேஸ் மாத்திரை. அதனால பி12 மட்டும் குறைஞ்சிருந்தா சீலியாக்னு ஓடாதீங்க. கூடவே இரும்பும் ஃபோலேட்டும் டியும் சேர்ந்து குறைஞ்சிருந்தா நின்னு யோசிங்க.

தாமிரம் குறைஞ்சா பி12 குறைபாடு மாதிரியே கால் மரத்துப் போகும், நடை தடுமாறும். பி12 ஊசி எத்தனை போட்டாலும் சரியாகாது. இதில் கூத்து என்னன்னா, கோவிடுக்கு அப்புறம் "இம்யூனிட்டி"க்குன்னு ஆளாளுக்கு ஜிங்க் மாத்திரை. அதிக அளவு ஜிங்க் நீண்ட நாள் சாப்பிட்டா தாமிரம் உறிஞ்சப்படுறதைத் தடுக்கும். ஏற்கனவே தேய்ஞ்ச குடல், அதுக்கு மேல இது.

வளராத பையன், பூப்படையாத பொண்ணு, அடிக்கடி வாய்ப்புண், பல் எனாமலில் குழி, ஈரல் என்ஸைம் காரணமில்லாம லேசா ஏறினது, முழங்கையிலும் முட்டியிலும் அரிப்போட கொப்புளம், தைராய்டு மாத்திரை டோஸ் ஏத்திக்கிட்டே போறது. எல்லாத்துக்கும் பின்னாடி இது ஒளிஞ்சிருக்கலாம்.

இப்போ எதிர்க்கேள்விக்கு வர்றேன். "தமிழ்நாட்டில் பாதிப் பொம்பளைக்கு ரத்தசோகை, எல்லாருக்கும் சீலியாக் டெஸ்ட் எடுக்கவா?"

வேண்டாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காரணம் சாப்பாடு, மாதவிடாய், கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம். அவங்களுக்கு இரும்பு மாத்திரைதான் சரியான மருந்து, அரசு கொடுக்கிறது சரியான வேலை.

மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டும் ஏறாதவங்களைப் பத்தித்தான் பேசுறேன். டீயோட விழுங்கலை, கேஸ் மாத்திரை கூடப் போடலை, ஒரு மாசம் ஆச்சு, ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறலை. தலசீமியா ட்ரெய்ட் இல்லை, ரத்தப்போக்கு இல்லை. இந்த ஆளுக்கு ஒரு டிடிஜி ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ. அவ்வளவுதான் கேட்கிறேன். மொத்த ஐஜிஏ எதுக்குன்னா, சீலியாக் நோயாளிகளில் 100க்கு 2, 3 பேருக்கு ஐஜிஏவே உடம்பில் உருவாகாது, டெஸ்ட் பொய்யா நெகட்டிவ் காட்டும். செலவு? பெரும்பாலும் ஒரு பாட்டில் இரும்பு ஊசியைத் தாண்டாது.

மேலை நாட்டு ஆய்வுகளைத் தொகுத்ததில் இரும்புக் குறைபாட்டு ரத்தசோகைக்காரர்களில் 100க்கு சுமார் 3 பேருக்கு பயாப்சியில் சீலியாக். நம்ம தெற்கில் அதைவிடக் குறைவாகவே இருக்கட்டும். எண்டோஸ்கோபி பண்ற நண்பர்களே, ரத்தசோகைக்குன்னு உள்ள போறீங்க, இரைப்பையில் புண் இல்லைன்னு எழுதிட்டு வெளிய வந்துடுறீங்க. டியோடினம் ரெண்டு அங்குலம் தள்ளித்தானே இருக்கு! இரண்டாம் பகுதியில் நாலு துண்டு, பல்பில் ஒண்ணு ரெண்டு. கண்ணுக்கு நார்மலாத் தெரிஞ்சாலும் எடுங்க.

அடுத்து ரீல்ஸ் கூட்டம். இவங்க பாவம் டாக்டர்களைவிடப் பெருசு, ஏன்னா இவங்க தடயத்தையே அழிச்சிடுறாங்க.

"ரெண்டு வாரம் கோதுமையை நிறுத்திப் பாருங்க, வயிறு லேசாகும்." நோயாளி நிறுத்துவார். லேசாகவும் ஆகும். மாசக்கணக்கில் அப்படியே இருந்துட்டு எங்கிட்ட வரும்போது ஆன்டிபாடி இறங்கியிருக்கும், குடல் பாதி ஆறியிருக்கும். டெஸ்ட் நெகட்டிவ். இப்போ அவருக்கு நோய் இருக்கா இல்லையா? தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டு வரச் சொல்லணும். எத்தனை பேர் ஒத்துக்குவாங்க? அதனால பெரிய எழுத்தில் எழுதுறேன்: டெஸ்ட் முடியிற வரை கோதுமையை நிறுத்தாதீங்க.

பெயர் வைக்காத நோய்க்குப் பின்தொடர்தல் கிடையாது. எலும்பு அடர்த்தி பார்க்க மாட்டாங்க, அம்மா அப்பா அண்ணன் தங்கச்சிக்கு டெஸ்ட் எடுக்க மாட்டாங்க. நேரடி ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருத்தருக்கு இருக்க வாய்ப்புண்டு. நியூமோகாக்கல் தடுப்பூசி யோசிக்க மாட்டாங்க. சீலியாக்கில் மண்ணீரல் சோம்பேறியாகிறது உண்டு. "எனக்கு குளூட்டன் சேராது"ன்னு சொல்லிட்டு வாரத்தில் ஒரு நாள் பிரியாணியோட பரோட்டாவும் ஓடும்.

இதோட நூறு, இருநூறு உணவுக்கு "ஃபுட் இன்டாலரன்ஸ்" ஐஜிஜி பேனல்னு ஒண்ணு விக்கிறாங்க. நீங்க எதைச் சாப்பிடுறீங்களோ அதுக்கு ஐஜிஜி இருக்கும், அவ்வளவுதான் அந்த டெஸ்டின் பொருள். அலர்ஜி நிபுணர் சங்கங்கள் வேண்டாம்னு சொன்ன டெஸ்ட் அது. அதை நம்பித் தயிர், முட்டை, கத்திரிக்காய் எல்லாத்தையும் நிறுத்திட்டு, இருந்த சத்தும் போய் வர்றவங்களைப் பார்க்கிறேன்.

நோய் உறுதியாச்சுன்னா மருந்து ஒண்ணுதான், ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் டிக்கே 1930கள்லயே கோதுமை மேல சந்தேகப்பட்டார், 1944-45 பஞ்ச காலத்தில் ரொட்டி கிடைக்காதப்போ அவர் சந்தேகம் வலுத்தது, 1950ல் ஆய்வேடா எழுதினார். அதுக்கப்புறம் இன்னைக்கு வரை இதைவிட நல்ல மருந்து வரலை.

நமக்கு அதிர்ஷ்டம், இட்லி, இடியாப்பம், சோறு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எல்லாமே குளூட்டன் இல்லாதது. ஐரோப்பாக்காரன் ரொட்டிக்கு அழுவான், நாம அழ வேண்டாம். முந்நூறு ரூபாய்க்கு இறக்குமதி குக்கீஸும் வேண்டாம். அதில் பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான், நார்ச்சத்தோ பி விட்டமினோ பேருக்குத்தான் இருக்கும்.

ஆனா ஒளிஞ்சிருக்கிற கோதுமை நம்ம சமையலறையில்தான் இருக்கு. மைதா கோதுமைதான். ரவை கோதுமைதான். சம்பா கோதுமையும் கோதுமைதான், பாரம்பரியம்னு சொன்னா குடலுக்குப் புரியாது. கடையில் விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதில், பொடியானாலும் கட்டியானாலும், கோதுமை மாவு கலந்திருக்கும், லேபிளைப் படிங்க. தினம் சாம்பார், ரசம், மோர்னு மூணு வேளையும் உள்ள போகும். ராகி சேமியாவில் கோதுமை கலந்திருக்கலாம். மாவு மில்லில் கோதுமை அரைச்ச கையோட உங்க கேழ்வரகைக் கொட்டினா அது கேழ்வரகு மட்டும் இல்லை. ஹோட்டலில் ரவா தோசை ஊத்தின அதே கல்லில்தான் உங்க சாதா தோசையும். சத்துமாவில் பெரும்பாலும் கோதுமையும் பார்லியும் உண்டு. சர்ச்சில் நற்கருணை அப்பம் கோதுமை. குளூட்டன் குறைந்த அப்பத்துக்கு வத்திக்கான் அனுமதி உண்டு, பாதிரியாரிடம் கேளுங்க.

இதில் எனக்கு வயிறு எரியுற ஒண்ணு: ரத்தசோகையில் சோர்ந்து போய் வர்றவங்களுக்கு நாம சொல்ற முதல் ஆறுதல், "தினம் ரெண்டு வேளை ஹார்லிக்ஸ் குடிங்கம்மா." கோதுமையும் மால்ட் பார்லியும்தான் அதில்.

பாக்கெட்டில் "குளூட்டன் ஃப்ரீ"ன்னு போட்டிருந்தா நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக் கூடாது. சாப்பாடு சரியாயிட்டா ரத்தம் பெரும்பாலும் ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷத்தில் ஏறும், குடல் முழுசா ஆற பெரியவங்களுக்குச் சில வருஷம்கூட ஆகும். அதுவரை இரும்பு, ஃபோலிக், டி, கால்சியம் ரிப்போர்ட் பார்த்துக் கொடுக்கணும். அப்போ அதே பழைய மாத்திரை வேலை செய்யும்.

கடைசியா வீட்டுக்காரங்களுக்கு. "ஒரு வாய் கேசரி சாப்பிட்டா என்ன ஆயிடும், சாமி பிரசாதம்" வேண்டாம். சர்க்கரைக்காரர் ஒரு லட்டு தின்கிற கணக்கு இதில் கிடையாது, துளி போதும் தாக்குதல் திரும்ப ஆரம்பிக்க. அப்புறம் "கல்யாணம் ஆகணும் டாக்டர், வியாதின்னு எழுதிடாதீங்க"ன்னு கேட்கிற அப்பாக்கள். மறைச்சுக் கட்டிக்கொடுத்த வீட்டில் அந்தப் பொண்ணு முதல் நாள் ராத்திரியே சப்பாத்தி சாப்பிட ஆரம்பிக்கும். அடுத்த வருஷம் ஃபோலேட்டும் இரும்பும் இல்லாம கர்ப்பமாகும். எழுதித்தான் கொடுப்பேன்.

ரிப்போர்ட்டை இன்பாக்ஸில் அனுப்பாதீங்க, படத்தைப் பார்த்து மருத்துவம் சொல்ல மாட்டேன். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி, உங்க ஊர் டாக்டர் மேஜையில் வையுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல் இரைப்பைப் பிரிவு இருக்கு, எண்டோஸ்கோபியும் பயாப்சியும் அங்கேயே எடுக்கலாம். போகிற அன்னைக்குக் காலையில் வழக்கம் போல கோதுமை சாப்பிடுறவங்களாவே போங்க.